பழைய ஸ்போர்ட்ஸ் காரை விட்டு, டாப் திறக்கும் செகண்ட் ஹேண்ட் வண்டிக்கு மாறுவது: பாண்டி, கடலூர்க்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்களான எம்ஜிபியோ, டிரையம்ப் ஸ்பிட்ஃபயரோ, கோவாவில் தயாரான சான் ஸ்டார்மோ, பழைய வண்டி எதுவானாலும் பேச்சு கடைசியில் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கிறது: "இதைக் கொடுத்துட்டு, டாப் திறக்கிற மாதிரி கொஞ்சம் புது வண்டியா வாங்கிடலாமா?" அதைச் சுற்றி வரும் சந்தேகங்களை, கேட்டவர்கள் கேட்ட வார்த்தையிலேயே இங்கே போட்டிருக்கிறோம். உப்புக் காற்றும் ஐப்பசி மழையும் உள்ள இந்தக் கரைக்கு எது பொருந்துமோ அதுதான் பதில்.

வண்டி நல்லாத்தான் ஓடுது. விடற நேரம் வந்துடுச்சுன்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?

இன்ஜினை வைத்து முடிவு செய்யாதீர்கள். எம்ஜிபியின் 1798 சிசி இன்ஜின் எளிமையானது, பிரித்துச் சரிசெய்துவிடலாம். பாகங்களும் இங்கிலாந்திலிருந்து இன்றும் வருகின்றன. முடிவைச் சொல்வது அடிப்பகுதிதான். 1962-ல் வந்த எம்ஜிபிக்குத் தனி சேஸிஸ் கிடையாது, பாடியேதான் சேஸிஸ். மேலே இரும்புக் கூரை இல்லாததால், கதவுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் பெட்டி போன்ற பகுதி, அதாவது சில், பாரத்தில் பெரும்பங்கைத் தாங்குகிறது. அது உள்ளிருந்து வெளியே அரிக்கும். வெளியே பெயிண்ட் பளபளவென்று இருக்கும்போதே உள்ளே தகடு காகிதம் மாதிரி ஆகியிருக்கும்.

சமதரையில் வண்டியை நிறுத்தி, கதவு எப்படி மூடுகிறது, இடைவெளி எப்படி இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு ஒரு பக்கம் ஜாக்கி வைத்துத் தூக்கி, அதே கதவை மறுபடி மூடுங்கள். கதவு இடித்தாலோ, பின் ஓர இடைவெளி மேலே குறுகினாலோ சில் பலம் இழந்துவிட்டது. ஜாக்கி வைத்த இடமே நொறுநொறுவென்று உள்ளே போனால் வேறு சோதனை தேவையில்லை. அடுத்து மிதியடியை எடுத்துவிட்டு, ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் தரைத் தகட்டைத் தட்டுங்கள். நல்ல தகடு 'டண்' என்று கேட்கும், அரித்த தகடு 'தொப்' என்று கேட்கும். ஜாக்கி மட்டும் தாங்கும் வண்டிக்கு அடியில் தலையை நீட்டாதீர்கள்.

சான் ஸ்டார்முக்கு ஃபைபர் பாடி, துருப்பிடிக்காது. ஆனால் அடியில் உள்ள இரும்புச் சட்டம் பிடிக்கும், ஃபைபர் மறைத்திருப்பதால் கண்ணில் படாது. சீட் போல்ட்டுகளையும் சஸ்பென்ஷன் மாட்டும் இடங்களையும் பாருங்கள்.

டிங்கரிங் பண்ணி, பட்டி பூசி பெயிண்ட் அடிச்சா சரியாயிடாதா?

ஆகாது. பட்டி ஓட்டையை மறைக்கும், பாரத்தைத் தாங்காது. அதோடு ஈரத்தை உள்ளே பூட்டி வைக்கும். சில்லைச் சரியாக மாற்றுவதென்றால் வெளித்தகடு, நடுத்தகடு, அடியில் ஓடும் ரெயில் மூன்றையும் வெட்டி எடுத்துப் புதிது வைக்க வேண்டும். வெட்டுவதற்கு முன்பே, கதவு வாயில் இரும்புக் குழாயைக் குறுக்காகப் பற்றவைத்து இறுக்கிவிட வேண்டும். இதைச் செய்யாமல் வெட்டினால் பாடி நடுவில் தொய்ந்துவிடும், அதன்பிறகு எந்தக் கதவும் பொருந்தாது. வேலை முடிந்ததும் உள்ளே கேவிட்டி வேக்ஸ், அதாவது துருவைத் தடுக்கும் மெழுகு, அடிக்க வேண்டும்.

இந்த வரிசையைத் தானாகவே சொல்லும் பட்டறை கிடைத்தால், வண்டியை வைத்துக்கொள்வதைப் பற்றி யோசியுங்கள். "ரெண்டு நாள்ல தகடு ஒட்டித் தர்றேன்" என்று சொல்லும் இடத்தில் விடுவதைவிட, தொடாமல் விற்பது மேல்.

பெட்ரோல்ல எத்தனால் கலக்கறாங்களே, அதனாலயும் பழசுக்கு ஆபத்தா?

ஆமாம், ஆனால் அதற்காக மட்டும் வண்டியை விற்க வேண்டியதில்லை. பழைய ரப்பர் ஹோஸ்கள் 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோலில் ஊறி, மெத்தென்று ஆகி வெடிக்கும். எஸ்யூ கார்புரேட்டரின் சீல்களும் அப்படியே. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தையும் இழுக்கும், அதனால் மாதக்கணக்கில் நிற்கும் வண்டியில் இரும்பு டேங்க் உள்ளே துருப்பிடிக்கும். எத்தனாலைத் தாங்கும் ஹோஸாக எல்லாவற்றையும் மாற்றி, கார்புரேட்டருக்கு முன்னால் ஒரு ஃபில்டர் போடுங்கள். பெட்ரோல் ஒழுகும் வண்டியை ஓட்டவே கூடாது, எம்ஜிபியில் எக்ஸாஸ்ட் கார்புரேட்டருக்கு நேர் கீழே இருக்கிறது.

விக்கறதுக்கு முன்னாடி செலவு பண்ணி ரெடி பண்ணணுமா, அப்படியே வித்துடலாமா?

ஓடும் நிலைக்குக் கொண்டு வாருங்கள், அழகுக்குச் செலவு செய்யாதீர்கள். பிரேக், ஹோஸ், பேட்டரி, டயர் சரியாக இருந்து, வாங்க வருபவர் ஓட்டிப் பார்க்க முடிந்தால் விலை நிற்கும். புது பெயிண்ட் அடித்தால் விஷயம் தெரிந்தவர் அடியில் எதையோ மறைக்கிறீர்கள் என்றுதான் நினைப்பார். சிலிண்டருக்குள் உருவாகும் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் டெஸ்ட் எடுத்து, நான்கு சிலிண்டர் அளவையும் எழுதி வையுங்கள். அவற்றுக்குள் 10 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இல்லையென்றால் நீங்களே எடுத்துச் சொல்லுங்கள். அடிப்பகுதியைப் படம் எடுத்து முதலிலேயே அனுப்பிவிடுங்கள். துருவை ஒளிக்காமல் சொன்னால், உண்மையாக வாங்க விரும்புபவர் மட்டும் வருவார்.

ஆர்.சி.யில் உள்ள இன்ஜின் எண்ணும் சேஸிஸ் எண்ணும் வண்டியில் உள்ளதோடு பொருந்த வேண்டும். இன்ஜின் மாற்றி எண்ணைப் பதியாமல் விட்டிருந்தால் அதை முதலில் சரிசெய்யுங்கள். பழைய ஸ்பேர்கள், ஜாக்கி, டூல் கிட், உடைந்த மீட்டர் உட்பட எல்லாவற்றையும் வண்டியோடு கொடுங்கள். காயலான் கடையில் கிலோக் கணக்கில் போகும் கதவுக் கைப்பிடி, அடுத்தவருக்கு மூன்று மாதத் தேடலை மிச்சப்படுத்தும். வாங்குபவரைத் தேட, சென்னையின் மெட்ராஸ் ஹெரிடேஜ் மோட்டாரிங் கிளப் போன்ற பழைய கார் வட்டங்கள் புரோக்கரைவிட நல்ல வழி.

பெயர் மாறாமல் சாவியைக் கொடுக்காதீர்கள். படிவம் 29 விற்பவர் தருவது, படிவம் 30 இருவரும் கையெழுத்திடுவது. விபத்து நடந்தால், பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், இழப்பீட்டுப் பொறுப்பும் அவருக்கே என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

வண்டிக்கு 50 வயசாயிடுச்சு. விண்டேஜ் நம்பர் வாங்கிட்டு வித்தா நல்ல விலை வருமா?

வாங்குபவர் அதை எதற்குப் பயன்படுத்துவார் என்பதைப் பொறுத்தது. 2021-ல் வந்த விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு தாண்டி, சேஸிஸ், பாடி, இன்ஜின் பெரிதாக மாற்றப்படாமல் இருக்கும் சொந்த உபயோக வண்டிக்கு 'விஏ' என்ற எழுத்துகளோடு தனி எண் கிடைக்கும். கட்டணம் 20,000 ரூபாய், 10 ஆண்டு செல்லும், மறுபதிவுக்கு 5,000 ரூபாய். ஆனால் கண்காட்சி, ஆராய்ச்சி, விண்டேஜ் ரேலி, பெட்ரோல் போடுவது, பராமரிப்பு இவற்றுக்கு மட்டுமே சாலையில் எடுக்கலாம். ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு மரக்காணம் போய் வர அதில் இடமில்லை.

சாதாரணப் பதிவில் வைத்திருந்தால் 15 ஆண்டுக்குப் பின் 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 2025 ஆகஸ்ட் அறிவிக்கையில், 20 ஆண்டு தாண்டிய காரின் பதிவைப் புதுப்பிக்க 10,000 ரூபாய், இறக்குமதிக் காருக்கு 80,000 ரூபாய் என்று கட்டணம் உயர்ந்தது. இறக்குமதி எம்ஜிபி வைத்திருப்பவருக்கு இந்த 80,000 பெரிய கணக்கு. எங்கள் யோசனை: எந்தப் பதிவு வேண்டும் என்பதை வாங்குபவரிடம் விடுங்கள். நீங்கள் மாற்றிவிட்டால் ஓட்டுவதற்காகத் தேடுபவர்களை இழந்துவிடுவீர்கள்.

சரி, அடுத்தது என்ன வாங்கலாம்? துணி டாப்பா, இரும்பு டாப்பா?

நம் ஊர்ச் சந்தையில் பெரும்பாலும் கண்ணில் படுபவை மினி கூப்பர் கன்வெர்ட்டிபிள், ஆடி ஏ3 கேப்ரியோலே, பி.எம்.டபிள்யூ இசட்4, மெர்சிடிஸ் எஸ்எல்கே. இதில் மினியும் ஏ3-யும் துணி டாப், பின் சீட்டும் உண்டு. எஸ்எல்கேயும் 2009 முதல் 2016 வரை வந்த இசட்4-ம் மடங்கும் உலோக டாப் (பேச்சில் 'இரும்பு டாப்'), இரண்டே சீட். 2019-க்குப் பின் வந்த இசட்4 மறுபடி துணிக்கு மாறிவிட்டது.

இரும்பு டாப் மூடியிருந்தால் சாதாரண கார் மாதிரி வெயிலையும் சத்தத்தையும் தடுக்கும். ஆனால் மோட்டார், கீல், சென்சார், மடங்கும் இடத்தில் ஓடும் ஒயர்கள் எல்லாம் அதிகம், ஒன்று போனாலும் மொத்தமும் நிற்கும், திறந்தால் டிக்கியும் போய்விடும். துணி டாப்பில் இயந்திரம் குறைவு. பூஞ்சை பிடிக்கும், நிறம் மங்கும், ஆனால் துணியை மட்டும் மாற்ற முடியும். சர்வீஸுக்குச் சென்னைக்கு 150 கிலோமீட்டர் போக வேண்டிய நமக்குத் துணி டாப்தான் எங்கள் தேர்வு.

மினி கூப்பர் எஸ் எடுத்தால், 2010-க்கு முந்தைய என்14 இன்ஜின் வண்டிகளில் டைமிங் செயின் டென்ஷனர், அதாவது இன்ஜினுக்குள் ஓடும் செயினை இறுக்கிப் பிடிக்கும் பாகம், தேய்வது தெரிந்த குறை. ராத்திரி முழுக்க நின்ற வண்டியைக் காலையில் ஸ்டார்ட் செய்யும்போது நீங்கள் பக்கத்தில் இருக்க வேண்டும். சில நொடி 'கடகட' என்று கேட்டால் அது செயின். விற்பவர் வண்டியை முன்பே சூடாக்கி வைத்திருந்தால் வேறொரு நாள் போங்கள்.

டாப்பை எப்படி செக் பண்றது? ஒரு தடவை திறந்து மூடினா போதுமா?

போதாது. இன்ஜினை ஓடவிட்டு, நிழலில் மூன்று முறை தொடர்ந்து திறந்து மூடுங்கள். பம்ப் பலவீனமாக இருந்தால் மூன்றாவது முறை வேகம் குறையும். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் இறங்க வேண்டும். ஒரு பக்கம் பின்தங்கினால் ஹைட்ராலிக் சிலிண்டர் ஒழுகுகிறது என்று சந்தேகப்படலாம். உள்கூரைத் துணியிலும் டிக்கி ஓரத்திலும் எண்ணெய்க் கறை தேடுங்கள். மின்சாரம் போனால் கையால் மூடும் வழி வண்டியின் கையேட்டில் இருக்கும். அதற்கான சாவி வண்டியில் இருக்கிறதா என்று கேளுங்கள். அது இல்லாமல் மழையில் மாட்டினால் சீட்டோடு சேர்ந்து நனைய வேண்டியதுதான்.

கதவைத் திறக்கும்போது கண்ணாடி ஒரு விரல் அகலம் தானே இறங்கி, மூடியதும் ஏறி ரப்பருக்குள் உட்கார வேண்டும். இது வேலை செய்யாத வண்டியில் கண்ணாடி ரப்பரை இடித்து இடித்துக் கிழித்திருக்கும்.

பிறகு தண்ணீர்ச் சோதனை. டாப்பை மூடி, தோட்டத்து ஹோஸ் பைப்பால் மெதுவாகப் பத்து நிமிடம் ஊற்றுங்கள். ஒருவர் உள்ளே உட்கார்ந்து, கண்ணாடியின் மேல் மூலைகளையும் டாப் முன்சட்டத்தோடு சேரும் இடத்தையும் விரலால் தடவிப் பார்க்கட்டும். டாப்பின் ஓர வாய்க்காலில் விழும் தண்ணீர் வடிகுழாய் வழியாக வண்டிக்கு அடியில் சொட்ட வேண்டும். இரண்டு பக்கமும் சொட்டுகிறதா பாருங்கள். ஒரு பக்கம் சொட்டாவிட்டால் அந்தத் தண்ணீர் உள்ளேதான் போகிறது. வேப்பிலை பெரிது, மேலேயே நிற்கும். புளிய இலையும் தூங்குமூஞ்சி இலையும் சின்னது, குழாய்க்குள் இறங்கி மண்ணோடு சேர்ந்து கட்டியாகிவிடும். கார்பெட்டுக்கு அடியில் உள்ள ஸ்பாஞ்சை அழுத்திப் பாருங்கள். மேலே காய்ந்திருக்கும், அடியில் பிழியப் பிழியத் தண்ணீர் வரும்.

வெள்ளத்துல நின்ன வண்டின்னு எப்படிக் கண்டுபிடிக்கறது? கழுவி பளிச்சுனு வெச்சிருப்பாங்களே?

இந்தப் பயம் நியாயமானது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் சென்னை மூழ்கியது. 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் கரை கடந்தபோது புதுச்சேரியில் 24 மணி நேரத்தில் 48 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டியது. அந்த நாட்களில் வண்டி எந்த ஊரில் இருந்தது என்று நேரடியாகக் கேளுங்கள். அடுத்த இரண்டு மாத சர்வீஸ் பில்லையும், இன்சூரன்ஸ் க்ளெய்ம் விவரத்தையும் காட்டச் சொல்லுங்கள்.

சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுங்கள். சுருளுக்குள் இருக்கும் பகுதியைக் கழுவ யாருக்கும் தோன்றாது, அங்கே மண் நிறத்தில் நேர்க்கோடு தெரியும். சீட் தண்டவாளப் போல்ட், ஃபியூஸ் பாக்ஸ் முனைகளின் பச்சைக் களிம்பு, ஹெட்லைட்டுக்குள் படிந்த மெல்லிய வண்டல், டிக்கி விரிப்பின் அடி ஆகியவற்றைப் பாருங்கள். பல ஜெர்மன் வண்டிகளில் பேட்டரியும் சில கண்ட்ரோல் பெட்டிகளும் டிக்கியின் அடியில்தான் இருக்கும். அங்கே தண்ணீர் தொட்ட கனெக்டர் அன்றைக்கு வேலை செய்யும், நாலைந்து மாதம் கழித்து உள்ளே பின் அரித்து ஒவ்வொன்றாகப் போகும்.

வடிகால் அடைப்பால் நனைந்ததையும் வெள்ளத்தில் நின்றதையும் ஒன்றென்று நினைத்துவிடாதீர்கள். வடிகால் ஈரம் பெரும்பாலும் ஒரு பக்கம்தான் இருக்கும், மண் இருக்காது. வெள்ளம் இரு பக்கமும் ஒரே உயரத்தில் கோடு போடும், வண்டல் விடும். முதலாவதற்கு விலை குறைத்துக் கேட்கலாம். இரண்டாவதை என்ன விலைக்குக் கொடுத்தாலும் தொடாதீர்கள்.

பத்து வருஷ வண்டி, 18,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கு. நல்லதுதானே?

நின்ற வண்டிக்கு நின்ற வண்டியின் நோய்கள் உண்டு. டயர் ஓரத்தில் நான்கு இலக்கம் பாருங்கள். 2315 என்றால் 2015-ன் 23-வது வாரத்தில் தயாரானது, பட்டன் (தரையில் படும் ரப்பர் மேடு) எவ்வளவு இருந்தாலும் மாற்ற வேண்டியதுதான். பஞ்சரானாலும் கொஞ்ச தூரம் ஓடும் ரன்-ஃபிளாட் டயர் என்றால் ஸ்டெப்னியே இருக்காது, விலையும் கூடும். பிரேக் ஆயில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றியிருக்க வேண்டும். கூலன்ட், பெல்ட், பேட்டரி, டாப் ரப்பர் எல்லாமே வயதால் கெடுபவை. வாங்கும் விலையில் 10 முதல் 15 சதவீதத்தை முதல் வருடச் செலவுக்குக் கையில் வைத்துக்கொண்டு பேரம் பேசுங்கள்.

புதுச்சேரி பதிவு, பிஒய் நம்பர் வண்டி சல்லிசா கிடைக்குது. நான் கடலூர்ல இருக்கேன், வாங்கலாமா?

புதுச்சேரியில் சாலை வரி குறைவு என்பதால், வெளியூர்க்காரர்கள் பலர் இங்கே ஒரு முகவரி காட்டிச் சொகுசு வண்டிகளைப் பதிந்தார்கள். 2017-ல் கேரளாவில் இது பெரிய வழக்காகவே வெடித்தது. அப்படிப் பதிந்த வண்டிகளும் இன்று செகண்ட் ஹேண்டில் சுற்றுகின்றன. ஆர்.சி.யில் உள்ள பெயரும் விற்பவரின் அடையாள அட்டையும் ஒன்றா, அந்த முகவரியில் அவர் உண்மையில் குடியிருந்தாரா என்று பாருங்கள். முதலியார்பேட்டையில் ஒரு தெரு பெயர் போட்டிருந்தால் நேரில் போய் விசாரிக்க உங்களுக்கு ஒரு மணி நேரம் ஆகுமா? போய்ப் பாருங்கள். எம்பரிவாகன் செயலியில் கடன், தடை, சலான், இன்சூரன்ஸ் விவரம் தெரியும். கடன் இருந்தால் பேங்க் கடிதமும், ஆர்.சி.யிலிருந்து கடனை நீக்கும் படிவம் 35-ம் கையில் வராமல் முழுப் பணம் கொடுக்காதீர்கள்.

முள்ளோடை தாண்டினால் தமிழ்நாடு. இருபது சொச்சம் கிலோமீட்டர்தான் என்றாலும் சட்டத்துக்கு அது வேறு மாநிலம். வண்டி 12 மாதத்துக்கு மேல் தமிழ்நாட்டில் இருந்தால் தமிழ்நாட்டு எண் வாங்க வேண்டும். படிவம் 28-ல் புதுச்சேரியிலிருந்து என்.ஓ.சி. வாங்கி, சேஸிஸ் எண்ணைப் பென்சிலால் தேய்த்து எடுத்த பிரிண்ட்டோடு கடலூர் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் படிவம் 27, 30 கொடுத்து, தமிழ்நாட்டு ஆயுள் வரி கட்டி டிஎன்-31 எண் பெற வேண்டும். வரி வண்டியின் விலையையும் வயதையும் பொறுத்தது. அந்தத் தொகையை முன்பே கேட்டுக்கொண்டு, அதைக் கூட்டிப் பார்த்தபின் விலை உண்மையில் சல்லிசுதானா என்று முடிவு செய்யுங்கள்.

இன்சூரன்ஸ் வித்தவர் பேர்லயே ஒரு வருஷம் ஓடட்டுமே?

வேண்டாம். வாங்கிய 14 நாளுக்குள் கம்பெனிக்கு எழுதி உங்கள் பெயருக்கு மாற்றாவிட்டால், சொந்தச் சேதத்துக்கான க்ளெய்மில் சிக்கல் வரும். நோ க்ளெய்ம் போனஸ் ஆளுக்குரியது, வண்டிக்குரியது அல்ல. பழைய காரில் நீங்கள் சேர்த்த போனஸுக்குச் சான்றிதழ் வாங்கி, புது வண்டியின் பாலிசியில் போட்டுக்கொள்ளலாம். பழசை விற்ற அன்றே கேட்டு வாங்கிவிடுங்கள், பலர் இதை மறந்துவிடுகிறார்கள்.

நம்ம ஊர் வேகத்தடையில அடி தட்டாதா?

இசட்4, எஸ்எல்கே மாதிரித் தாழ்ந்த வண்டி தட்டும். முன்சக்கரம் ஒவ்வொன்றாக ஏறும்படி சாய்வாக எடுங்கள். ஓட்டிப் பார்க்கும்போதே இதைச் செய்யுங்கள். சாய்வாக ஏறும்போது டேஷ்போர்டும் கதவும் கிறீச்சிட்டால், அடிபட்டு நேர்செய்த பாடியாக இருக்கலாம். பெயிண்ட் தடிமன் மீட்டரால் கதவுக்குக் கீழுள்ள சில்லை அளந்து பாருங்கள். முதல் கேள்வியில் சொன்ன அதே பகுதிதான், புது வண்டியிலும் பாரம் தாங்குவது அதுவே.

இந்த வெயில்ல டாப்பைத் திறந்து ஓட்டவா முடியும்?

சித்திரை, வைகாசியில் பகலில் முடியாது. காலை ஆறிலிருந்து எட்டு வரை, பிறகு மார்கழி, தை மாதங்கள் முழுக்க முடியும். பாண்டி கடற்கரைச் சாலை மாலை 6 மணியிலிருந்து காலை 7.30 வரை வண்டிகளுக்கு மூடியிருக்கும். அதனால் காலாப்பட்டு தாண்டி, மரக்காணம் உப்பளம் வரை போகும் ஈசிஆர்தான் நல்ல பாதை. திரும்பி வந்ததும் அடிப்பகுதியை நல்ல தண்ணீரில் கழுவிவிடுங்கள்.

மழைக்காலத்துக்கு முன்னாடி என்ன செய்யணும்?

புரட்டாசியிலேயே வடிகாலைச் சுத்தம் செய்யுங்கள். புல் வெட்டும் இயந்திரத்தின் நைலான் நரம்பை மெதுவாக உள்ளே விட்டு ஆட்டி, அரை டம்ளர் தண்ணீர் ஊற்றினால் சில நொடியில் அடியில் வர வேண்டும். கம்ப்ரஸர் காற்று அடிக்காதீர்கள், உள்ளே குழாய் இணைப்பு கழன்றுவிட்டால் முழு உள்பகுதியையும் பிரிக்க வேண்டியிருக்கும். ரப்பர்களுக்குச் சிலிகான் கிரீஸ் மட்டும் மெல்லிசாகத் தடவுங்கள். தேங்காயெண்ணெய், வாசலின் எதுவும் வேண்டாம், ரப்பர் ஊதிவிடும்.

துணி டாப்பை மென்மையான பிரஷ்ஷால் முன்னிருந்து பின்னாகத் தேய்த்துக் கழுவி, முழுக்கக் காய்ந்தபின் தண்ணீர் ஒட்டாத ஸ்ப்ரே அடியுங்கள். ஈர டாப்பை மடித்து ஒரு ராத்திரி வைத்தால் போதும், மடிப்பில் கறுப்புப் புள்ளியாகப் பூஞ்சை வந்துவிடும். பிளாஸ்டிக் உறை போட்டு மூடாதீர்கள், காற்று புகும் துணி உறைதான் சரி.

அட்வான்ஸ் கொடுத்துட்டேன். இன்னைக்குப் போய்ப் பார்த்தா டாப் பாதியில நிக்குது. விட்டுடவா?

உடனே விடாதீர்கள். முதலில் டிக்கியைத் திறந்து பாருங்கள். மடிந்த டாப்புக்கு இடம் ஒதுக்கும் தடுப்பு முழுதாக இறங்கிப் பூட்டவில்லை என்றால் டாப் நகராது, பழுது என்று நினைத்து ஏமாறுபவர்கள் இதில்தான் அதிகம். அடுத்து பேட்டரி. இன்ஜின் நின்று சில மணி நேரத்துக்குப் பின் 12.6 வோல்ட் காட்ட வேண்டும், 12.2-க்குக் கீழே போனால் பல வண்டிகளில் டாப் நடுவழியில் நின்றுவிடும். இன்ஜின் ஓடும்போது 14 வோல்ட் சுற்றி இருந்தும் நகரவில்லை என்றால் ஸ்கேனர் போட்டு எந்த சென்சார், எந்தப் பக்கம் என்று பார்க்கச் சொல்லுங்கள்.

பம்ப் சத்தமே இல்லை என்றால் மோட்டார், ரிலே அல்லது ஒயர். சத்தம் கேட்டும் நகரவில்லை என்றால் ஆயில் குறைவு அல்லது ஒழுகல். மோட்டார் இருக்கும் இடத்தில் ஈரமோ துருவோ தெரிந்தால் காரணம் வடிகால், மோட்டாரை மட்டும் மாற்றினால் அடுத்த கார்த்திகையில் அதுவும் போகும். பழுதுக்கான மதிப்பீட்டை எழுத்தில் வாங்கி, அந்தத் தொகையை விலையில் கழித்துத் தருகிறாரா என்று கேளுங்கள். கழிக்கவும் மாட்டேன், ஸ்கேனர் போடவும் விடமாட்டேன் என்று விற்பவர் சொன்னால், அட்வான்ஸைத் திருப்பிக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.